வழியெல்லாம் சொந்தக்காரர்கள்

“வண்டியை நிறுத்துங்க! எங்க சித்தப்பா கிளினிக்!”

டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்குள் தையல் மெஷின் மெக்கானிக் கதவைத் திறந்துவிட்டார். பின்சீட்டில் இருந்த முதலாளி பலகையை எட்டிப் பார்த்தார். பல் டாக்டர்.

“போன வாரம் லைப்ரரியில இருந்தவரையும் சித்தப்பான்னுதானே சொன்னே?”

“அவர் சின்னச் சித்தப்பா, முதலாளி!” பதில் கிளினிக்குக்குள்ளிருந்து வந்தது.

மெக்கானிக்குக்குப் பெருங்குடலில் ஏழு வருஷமாக ஆறாத புண். மாத்திரை உண்டு, பத்தியம் உண்டு. ஆனாலும் அது கூப்பிட்டால் நாலு நிமிஷம்தான் கெடு. அந்த நாலு நிமிஷத்தை வைத்துக்கொண்டு மனிதர் பிழைத்த பிழைப்பு இருக்கிறதே, அப்பப்பா! எந்தப் பெட்ரோல் பங்கில் சாவி யாரிடம் இருக்கும், எந்த வங்கிக் காவலாளி நல்ல மனசுக்காரர், எந்தத் துணிக்கடையில் மாடிப்படிக்கு அடியிலேயே கழிப்பறை இருக்கிறது, எதில் தாழ்ப்பாள் விழாது, எதில் பத்து மணிக்கு மேல் தண்ணீர் வராது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. இருபத்தாறு ஊர் அந்தத் தலைக்குள் இருந்தது. நானும் இருக்கிறேனே, அடுத்த தெருத் தபால் நிலையத்துக்கு இன்னும் வழி கேட்கிறேன்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், ‘பாவம், உட்காரட்டும்’ என்று ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டுவிடுவார்கள். ஓடும் மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தே பழுதைச் சொல்கிற கைக்கு, ஊசிப் பெட்டி அடுக்கும் வேலையா? அதற்கு இந்த ஓட்டமே தேவலாம்.

கிளினிக்கோடு தெரிந்த ஊர் முடிந்தது. புது ஊரில் ஒரு தையல் தொழிற்சாலையில் முப்பது மெஷின் படுத்துக் கிடந்தன. போகிற சாலையும் புதுசு. இருபதாவது நிமிஷம் வயிறு முறுக்கியது.

“நிறுத்துங்க! கட்டில் வாங்கணும்!”

“இப்பவா?” என்றார் முதலாளி.

“தங்கச்சிக்கு, முதலாளி. முதுகு வலியில துடிக்கிறா.”

பர்னிச்சர் கடைக்குள் பாய்ந்தவர், கால் மணி நேரம் கழித்து முகம் தெளிந்து வெளியே வந்தார். காரின் தலைமேல் ஒரு தேக்குக் கட்டில் கவிழ்ந்து கிடந்தது. டிரைவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முதலாளியைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து அவரும் கடைக்குள்ளிருந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“உன் தங்கச்சிக்கு என் அன்பளிப்பு.”

மெக்கானிக்குக்குத் தங்கச்சியே கிடையாது.

“எதுக்கு முதலாளி இதெல்லாம்...”

“பேசாத. உன்னை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லப்பா. எங்க போனாலும் உனக்குன்னு ஒரு கதவு திறக்குது!”

கிண்டலா, சந்தேகமா? தன்னைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கிறாரோ என்று மெக்கானிக்குக்கு உதறல் எடுத்தது. பயம் வந்தால் குடல் சும்மா இருக்குமா? வண்டியோ கிளம்பி வெகுதூரம் வந்திருந்தது; ஒரு கடை கண்ணி இல்லை. ஒரு வீட்டு வாசலில் மட்டும் வரிசையாக நாற்காலிகள், தலை குனிந்த ஆட்கள்.

“நிறுத்துங்க! எங்க பெரியப்பா தவறிட்டார்!”

அழுகை நிஜமாகவே வந்தது. அடக்குகிற பாடு அப்படி. வாசலில் ஒருவர் தாங்கிப் பிடித்தார்.

“பெரியப்பா! போயிட்டீங்களா!”

“போனது எங்க அம்மாங்க.”

“பெரியம்மா!” என்று சுருதி பிசகாமல் மாற்றினார். “முகம் கழுவிட்டு வந்துதான் பார்ப்பேன்... பாத்ரூம் எந்தப் பக்கம்?”

அவர் திரும்பி வந்தபோது கட்டில் காரில் இல்லை. கூடத்தில் இருந்தது. அதன்மேல் அந்த அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள்.

தாங்கிப் பிடித்த மகன் அவருடைய இரண்டு கையையும் பற்றிக்கொண்டான். “இருந்த ஒரே கட்டிலும் நேத்து ஒடஞ்சுபோச்சு. அம்மாவத் தரையில போட்டுட்டுக் கலங்கி நிக்கிறோம், நீங்க கட்டிலோட வந்து இறங்குறீங்க! கூடப் பிறந்தவன்கூட இன்னும் வரல. உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

மெக்கானிக் கையை விடுவித்துக்கொண்டார். பெயர்கூடத் தெரியாத அந்த அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நேராகக் காருக்கு வந்தார். டிரைவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“போதும்ப்பா இந்தப் பொய். முதலாளி எங்க?”

“பின்பக்கம் போனார். இன்னும் வரல.”

“வரட்டும், எல்லாத்தையும் சொல்லிடறேன். எனக்கு வயித்துல தீராத வியாதி, இனிமே வெளிவேலை வேண்டாம், ஸ்டோர்லயே போட்டுடுங்கன்னு கேட்கப்போறேன்.”

டிரைவர் கயிற்றைக் கீழே போட்டார்.

“அந்தப் பாவத்தை மட்டும் செஞ்சுடாதீங்கண்ணே! அவருக்கும் அதே வியாதிதான், மாத்திரை வாங்கித் தர்றவனே நான்தான். நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு மூணு வருஷம் ஊரை விட்டே வெளிய வராத மனுஷன், இப்ப உங்களை நம்பித்தான் வண்டியிலயே ஏறுறார்!”