அச்சேறாத நான்காம் பத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நெடுநாள் வாசகன், பணி ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். முழங்காலைத் தவிர நானும் நலமே. தங்கள் நாளிதழை முதல் பக்கத்துத் தேதியிலிருந்து கடைசிப் பக்கத்து அச்சக முகவரி வரை விடாமல் படிப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அந்த உரிமை போதாது என்று தாங்கள் கருதினால் இங்கேயே நிறுத்திவிடலாம், நான் தவறாக எண்ண மாட்டேன்.

நிறுத்தவில்லையென்றால், செய்தி இதுதான். எங்கள் உயர்நிலைப் பள்ளியில் விரும்பிய சிலர் மட்டும் சேர்ந்துவந்த மாணவர் படைப் பயிற்சியை, இனி மேல்வகுப்புகள் அனைத்துக்கும் கட்டாயமாக விரிவுபடுத்துவது பற்றிச் சென்ற மாதம் தங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். அதில் எட்டுப் பத்திகள் இருந்தன. தாங்கள் அன்புகூர்ந்து முதல் மூன்றை வெளியிட்டீர்கள். இடப் பற்றாக்குறை எனக்குப் புரிகிறது. பக்கத்திலேயே மெத்தை விளம்பரம் பெரிதாக வந்திருந்தது, அதுவும் மக்களுக்குத் தேவையான பொருள்தான். "வகுப்பெல்லாம் சிப்பாய்கள் உருவாகட்டும்: மூத்த வாசகர் முழக்கம்" என்ற தலைப்பு மட்டும் தங்களுடையது. நான் பிறந்ததிலிருந்து எதற்கும் முழங்கியதில்லை. பேருந்தில் என் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றபோதுகூட, அவர் இறங்கும் இடம் வரும்வரை காத்திருந்தவன்.

முதல் மூன்று பத்திகளில் பயிற்சியின் நன்மைகளை விரிவாக எழுதியது ஏன் என்று தாங்கள் கேட்கலாம். அது தொழில் பழக்கம். தீர்ப்புகளைப் படியெடுத்துச் சரிபார்ப்பதே என் வேலையாக இருந்தது. எங்கள் நீதிபதிகள், எந்தத் தரப்பு தோற்கப்போகிறதோ அந்தத் தரப்பின் வாதத்தைத்தான் முதலில் எழுதுவார்கள், அதுவும் ஒரு குறையும் வைக்காமல். தான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்று தோற்றவர் பிறகு சொல்லிவிடக் கூடாதல்லவா? முதல் பக்கங்களில் ஒருவரை எவ்வளவு பாராட்டியிருக்கிறதோ அந்த அளவுக்கு அவர் பாடு திண்டாட்டம் என்பது எங்கள் அலுவலகத்தில் பியூன் உட்பட எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படியே எழுதினேன். நான்காம் பத்தியிலிருந்து, பள்ளியின் ஓவிய வகுப்பு என்னாகும் என்பது பற்றிச் சில ஐயங்களைப் பணிவுடன் எழுப்பியிருந்தேன். எட்டாம் பத்தியின் முடிவு, முதல் மூன்று பத்திகளின் போக்கிலிருந்து ஓரளவு வேறுபட்டது.

அந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியை என் மகள். நான் இருப்பது அவள் வீட்டில். பயிற்சிக்கான நேரத்தை ஓவிய வகுப்பிலிருந்து எடுப்பதென்றும், மரத் துப்பாக்கிகளையும் சீருடைகளையும் வைக்க மாடியில் இருக்கும் ஓவிய அறையை எடுப்பதென்றும் பேச்சு எழுந்தபோது, "அப்பா, நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, பேப்பருக்கு ஒரு லெட்டர் போடுங்களேன்" என்று அவள்தான் கேட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்டுப் பழகாதவள். கடிதம் வெளியான அன்று காலை, மாப்பிள்ளை அதை உரக்கப் படிக்கத் தொடங்கினார். முதல் பத்தியில் கணீரென்று இருந்த குரல் இரண்டாவதில் இறங்கி, மூன்றாவதில் முணுமுணுப்பாகி, "மீதி எங்க மாமா?" என்று நின்றது. நான் ஓடிப்போய் என் கைப்படியைக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினேன். எட்டையும் நின்றபடியே படித்தாள். "நாலாவது பத்தி வர்றதுக்குள்ள எனக்கே துப்பாக்கி தூக்கணும் போல இருக்கேப்பா" என்றாள். அப்போது கொஞ்சம் சிரிக்கத்தான் செய்தாள்.

அன்று மாலையே தலைமை ஆசிரியர் பூச்செண்டுடன் வந்துவிட்டார். "சார், நாங்க ஒரு வருஷமா தொண்டை கிழியக் கத்தினதை மூணே பத்தில நறுக்குன்னு சொல்லிட்டீங்க!" என்றார். "இல்லைங்க, அதுல இன்னும் கொஞ்சம்…" என்று தொடங்கினேன். "தெரியும் சார், நீங்க இன்னும் எவ்வளவோ எழுதியிருப்பீங்க, பேப்பர்காரங்க வெட்டியிருப்பாங்க. அதையெல்லாம் அணிவகுப்பு அன்னைக்கு மேடையில கொட்டிடுங்க. நீங்கதான் சிறப்பு விருந்தினர்!" மகள் அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். எனக்கும் வைத்தாள், சற்று ஓசையுடன்.

மேடை கிடைத்தது ஒரு வகையில் நல்லதென்றே எண்ணினேன், எட்டையும் சொல்லிவிடலாம் அல்லவா? டிரில் மாஸ்டர் தங்கமான மனிதர், இதை நான் சொல்லியே ஆக வேண்டும். வெயில் படாமல் எனக்காகக் குடை பிடிக்க ஏற்பாடு செய்தார், என் முழங்காலுக்கு என்ன தைலம் நல்லது என்றும் சொன்னார். மேளக்காரப் பிள்ளைகளிடம், "ஐயா பேசி முடிச்சதும் அடிங்க, நடுவுல அடிச்சீங்க தொலைச்சிடுவேன்" என்று என் எதிரிலேயே எச்சரித்தார். ஆனால் தட்டச்சு செய்பவர் எட்டிப்பிடிக்கட்டும் என்று பத்திக்குப் பத்தி நிறுத்தி வாசித்தே பழகியவன் நான். மூன்றாம் பத்தியை முடித்து, கண்ணாடியைத் துடைத்து, தண்ணீர் குடித்து, நான்காவதைத் தொடங்க வாயைத் திறந்தேன், மேளம் முழங்கிவிட்டது. பிள்ளைகள் வரிசை வரிசையாக என்னைக் கடந்து போனார்கள், ஒரு கால் பிசகவில்லை. என் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. முதுகும் கொஞ்சம் நிமிர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. தங்கள் நிருபர் எடுத்த படம் நன்றாக வந்திருந்தது. அதை என் மகள் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

பிறகு இதை முடிவுசெய்யப் பள்ளிக் குழு கூடியது. என்னையே தலைவராக்கினார்கள். முடியாது என்று சொல்ல நான் தக்க சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோதே கைதட்டிவிட்டார்கள். கூட்டம் நடந்தது அந்த ஓவிய அறையில்தான். வடக்குப் பார்த்த பெரிய சன்னல்கள். பிள்ளைகள் பார்த்து வரைவதற்காக வைத்த கூஜாவும் இரண்டு ஆப்பிள்களும் மேசைமேல் இருந்தன, யாரோ ஓர் ஆப்பிளைக் கடித்து, கடித்த பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். விரிவாக்கத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார் தலைமை ஆசிரியர். எண்ணிப் பார்த்தால் சரிபாதி. இதுதான் தருணம் என்று எனக்குப் புரிந்தது. தலைவர் நாற்காலியில் இருந்தாலும் அனுமதி கேட்காமல் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே, பேச அனுமதி கேட்டுக் கையைத் தூக்கினேன்.

"தலைவரே கை தூக்கிட்டார்! முடிஞ்சுது!" என்றார் தலைமை ஆசிரியர்.

உடனே கையை இறக்கியிருந்தால் முதலில் தூக்கியது வாக்கு என்றாகிவிடும், பேச்சுக்கான கை என்றால் பேசும்வரை தூக்கியபடிதான் இருக்க வேண்டும் என்று எண்ணி, அப்படியே வைத்திருந்தேன். எல்லோரும் தேநீருக்குப் போய்விட்டார்கள். என் மகள் பின்னால், தொட்டியருகே நின்று தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். குழாயை மூடினாள். தோள் வலித்தது, கையை இறக்கினேன்.

அன்றிலிருந்து அவள் என்னுடன் பேசுவதில்லை. ஒரே மேசையில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, "உங்க மாமாகிட்ட சொல்லுங்க, காபி ஆறுது" என்பாள் கணவரிடம். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "மாமா, காபி ஆறுதாம்" என்பார். "குடிக்கிறேன்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்பேன். இதற்குள் காபி ஆறிவிடும். ஓவிய அறையில் இப்போது மரத் துப்பாக்கிகள். அவற்றுக்கு எண் எழுதும் வேலையை அவளுக்கே கொடுத்திருக்கிறார்கள். நிழலும் ஒளியும் கற்றுக்கொடுத்த கை, ஒவ்வொரு துப்பாக்கிக் கட்டையிலும் சிவப்பில் எண் போடுகிறது. டிரில் மாஸ்டர் எனக்கு ஆறுதல் சொல்லவே வீட்டுக்கு வந்தார். "ஐயா, டீச்சர் எழுதின நம்பர் மாதிரி அழகா நான் சர்வீஸ்லயே பார்த்ததில்ல. பசங்க அதையே பார்த்துக்கிட்டு நிக்குதுங்க, அட்டென்ஷன் சொன்னா காதுல விழமாட்டேங்குது" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

குழுவின் தீர்மானத்தின் மேல் கல்வித் துறை இந்த மாத இறுதிவரை பொதுமக்கள் கருத்தைப் பெற்று, பிறகு இறுதி ஆணை பிறப்பிக்கும். ஆணை வந்துவிட்டால் வரும் ஆண்டு பள்ளியில் ஓவிய ஆசிரியை என்று ஒருவர் இருக்க மாட்டார். துறைக்குப் போகும் கோப்பில் தலைமை ஆசிரியர் வைத்திருக்கும் முதல் இணைப்பு, தாங்கள் வெளியிட்ட என் மூன்று பத்திகள். என் வாழ்நாளில் நான் எழுதி அச்சில் வந்தது அது ஒன்றுதான், அது என் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, தங்களுக்குச் சிரமம் இல்லாதபோது, மெத்தை விளம்பரம் வராத நாளாகப் பார்த்து, எஞ்சிய ஐந்து பத்திகளையும் வெளியிட இயலுமா என்று பரிசீலிக்கலாமா எனக் கேட்டுக்கொள்கிறேன். இயலாவிட்டாலும் பாதகமில்லை.

தங்களுக்கும், தங்கள் அச்சகத்தாருக்கும், என் கடிதத்தைக் கத்தரித்த அன்பருக்கும் கண்பார்வை குறையாத நீண்ட ஆயுள் வாய்க்கட்டும் என வாழ்த்தி,

தங்கள் பணிவுள்ள,
மூன்று பத்தி வாசகன்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதை முழுவதுமாக விட்டுவிடக் கோருகிறேன். உறை தேட எழுந்து போன நேரத்தில் மகள் இதைப் படித்துவிட்டாள். பல நாட்களுக்குப் பிறகு, மாப்பிள்ளை பக்கம் திரும்பாமல் நேராக என்னிடமே கேட்டாள்: "அப்பா, இவ்வளவு எழுதியிருக்கீங்களே, இதுல எங்கயாவது வேண்டாம்னு ஒரு வார்த்தை இருக்கா?" தேடினேன். இல்லை. பழைய எட்டுப் பத்திகளிலும் தேடினேன். எட்டாவது, "மறுபடியும் எண்ணிப் பார்ப்பது நலம் பயக்கலாம்" என்று முடிகிறது. "உங்களைப் பத்தி தெரிஞ்சும் உங்களை எழுதச் சொன்னேன் பாருங்க" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே இதை மட்டும் வெளியிடவும்:

கட்டாயப் பயிற்சி வேண்டாம். ஓவிய அறையைத் திருப்பிக் கொடுங்கள்.

எனினும், மறுதரப்பின் நியாயத்தையும் நாம்

ஆசிரியர் சார், பேனாவை நான் வாங்கி வைத்துவிட்டேன். "எனினும்" என்பதற்கு மேலேயே நிறுத்திக்கொள்ளவும். — மகள்