இரண்டு ஊஃபர்களும் எடில்மாவின் வேண்டாமும்

இனி எவனும் தன்னை ஏமாற்ற முடியாது என்று அர்னுல்போ முடிவு செய்துவிட்டான். சாதாரண முடிவு அல்ல. வாய்வரை கொண்டுபோன அரெப்பா ரொட்டியைக் கடிக்காமல் தட்டில் திரும்ப வைத்துவிட்டு எடுத்த முடிவு.

பாரன்கியா நகரத்தில் ஒரு ஆம்பளையின் கௌரவம் அவன் வாசலில் நிற்கும் பாட்டுப்பெட்டியில் இருக்கிறது. ஆளைவிட உயரமான பெட்டி. முன்பக்கம் முழுக்க ஓவியம். அதற்கென்று ஒரு பெயர். அர்னுல்போவின் பெட்டிக்குப் பெயர் ‘சீறும் முதலை’. ஓவியத்தில் முதலை வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கும். உள்ளேயிருந்து வருவது சளி பிடித்த பூனையின் குரல். பெட்டிக்குள் இருந்து தரை அதிர ஒலியெழுப்பும் பெரிய ஸ்பீக்கர்கள்தான் ஊஃபர்கள். போன முறை வாங்கிய இரண்டும் முதல் பாட்டிலேயே கிழிந்துபோயின. ஏற்கெனவே கிழிந்ததைப் பசை தடவி ஒட்டி, கறுப்பு மை பூசி அவன் தலையில் கட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமை தெருக் கொண்டாட்டம். எதிர்வீட்டு தாகோபெர்ட்டோவின் பெட்டி தும்மினாலே இவன் வீட்டு ஜன்னல் நடுங்கும்.

“இந்த வாட்டி அவன் வீட்டு ஜன்னல் நடுங்கணும்,” என்றான் அர்னுல்போ.

“நடுங்கட்டும். அதுக்கு நான் என்ன செய்யணும்?” என்றாள் மனைவி எடில்மா.

“உபால்டோ கடையில பழைய காலத்து ஊஃபர் ஒரு ஜோடி வந்திருக்காம். நான் சோதிச்சுப் பாக்கறப்போ என் மூஞ்சில ஆசை தெரிஞ்சா அவன் விலைய ஏத்திடுவான். நீ கூட வந்து வேண்டாம்னு சொல்லணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அவன் இறங்க இறங்க நீ வேண்டாம்னே நில்லு.”

“நீ வேணும்னு சொன்னா?”

“அது நடிப்பு. நான் என்ன சொன்னாலும் வேண்டாம்.”

“அழுதா?”

“அழுதாலும்!”

“சரி, வரேன்,” என்றாள் எடில்மா. இத்தனை சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அர்னுல்போ அதைக் கவனித்திருக்க வேண்டும். அவன் கவனமெல்லாம் டார்ச் பேட்டரியை எடுத்துக்கொண்டோமா என்பதில் இருந்தது.

உபால்டோவின் கடை ஒரு தகரக் கொட்டகை. மின்விசிறி, தையல் மிஷின், தந்தி அறுந்த கிதார், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நடுவில், துணி விரித்த மேஜைமேல், அந்த ஜோடி.

அர்னுல்போ வைத்தியர்போல் குனிந்தான். முதலில் விளிம்பைத் தடவினான். ஸ்பாஞ்சு விளிம்பு என்றால் இந்த உப்புக்காற்றில் விரலோடு உதிர்ந்து வரும். இது துணி விளிம்பு. பிறகு நடுவில் குழிந்திருந்த காகிதக் கோனைச் சுற்றிப் பசைக்கறை தேடினான். இல்லை. பின்பக்கம் மூக்கை வைத்து முகர்ந்தான். கம்பிச்சுருள் கருகிய வாசனை இல்லை. விரல்களைச் சுற்றிலும் பரப்பி, பச்சைக் குழந்தையின் வயிற்றை அமுக்குவதுபோல் கோனை மெல்ல அமுக்கி, காதை வைத்துக் கேட்டான். உள்ளே எதுவும் உரசவில்லை. கடைசியாகப் பேட்டரியை ஒயரில் தொட்டான். ‘துப்’ என்று கோன் முன்னே குதித்தது. அர்னுல்போவின் இதயமும் குதித்தது.

“எப்படி மாஸ்டர்?” என்றார் உபால்டோ.

“சுமார்,” என்றான். கோனிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

உபால்டோ விலை சொன்னார்.

“வேண்டாம்,” என்றாள் எடில்மா.

அவர் குறைத்தார். “வேண்டாம்.” இன்னும் குறைத்தார். “வேண்டாம்ண்ணே, வீட்ல தட்டெல்லாம் கீழ விழும்.” அர்னுல்போவுக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. உபால்டோ கடைசியில் பாதி விலைக்கு வந்தார்.

அர்னுல்போ கண்ணைக் காட்டினான். “வேண்டாம்.” காலை மிதித்தான். “வேண்டாம்!”

“எடில்மா, போதும். வாங்கிக்கலாம்.”

அவள் அவன் காதோரம் குனிந்தாள். “பிரமாதமா நடிக்கிறே.”

“நடிப்பு இல்லடி! நெஜம்மா சொல்றேன்!”

“அட, கண்ணுல தண்ணிகூட வருதே!”

அவன் அவளை விட்டுவிட்டு உபால்டோவிடம் திரும்பினான். “அண்ணே, நான் எடுத்துக்கறேன். கட்டுங்க.”

உபால்டோ மேஜைத் துணியை இழுத்து ஊஃபர்களை மூடினார். “மன்னிக்கணும் மாஸ்டர். வீட்டம்மா சம்மதிக்காம நான் ஊஃபர் விக்கிறதில்ல. போன திருவிழாவுக்குக் கேக்காம வித்தேன். மறுநாளே ரெண்டு பொம்பளைங்க வீட்ட விட்டுத் துணிப்பெட்டியோட வந்து கடை வாசல்ல உக்காந்துட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கலையே!” பிறகு எடில்மா பக்கம் திரும்பிக் கும்பிடாத குறையாகக் கேட்டார். “அம்மா, காலைல இருந்து போணியே ஆகல. உங்களுக்கு என்னதான் வேணும்?”

எடில்மா மூலையில் இருந்த தார்ப்பாயைத் தூக்கினாள். கீழே ஒரு பழைய துவைக்கும் மிஷின். ஒரு கால் கொஞ்சம் குட்டை.

“இப்ப சொன்னீங்களே ஒரு விலை, அந்த விலைக்கு இதக் குடுங்க.”

உபால்டோ கொஞ்சம் முனகினார். பிறகு தலையாட்டிவிட்டார்.

“சோதிக்காம வாங்கினா ஏமாந்துடுவோம்,” என்று அர்னுல்போ கடைசி முயற்சியாகக் கத்தினான்.

“அதானே,” என்றாள் எடில்மா. கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சோப்புக்கட்டி வந்தது. அடுத்து அவனுடைய அழுக்குச் சட்டை வந்தது. வீட்டிலிருந்தே மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தெரு முழுக்கக் கூட்டம். திடீரென்று அர்னுல்போ வீட்டுப் பக்கம் தரை அதிர்ந்தது. தாகோபெர்ட்டோவின் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. அவன் தன் பாட்டை அப்படியே நிறுத்திவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடிவந்தான்.

“டேய் அர்னுல்போ! வயித்துக்குள்ளயே வந்து இடிக்குதேடா! என்ன ஊஃபர்டா வாங்கினே? கண்ணுல காட்டுடா!”

அர்னுல்போ எழுந்துவந்து காட்டவில்லை. கொல்லையில், ஓடும் மிஷின் நகர்ந்து போய்விடாமல் இருக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தான். இன்னும் போர்வைகள் பாக்கி இருந்தன.