காந்தம் தவிர்த்து உள்ளே வரவும்

சங்கரன்கோவிலில் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கும் ஓர் அலுவலகத்தில், ஆயுத பூசை முடிந்ததிலிருந்து யாருடைய முகமும் சரியாக விழவில்லை. யார் போய் உட்கார்ந்தாலும் கணினியில் சிவப்பாக ஒரு மேகம் வந்தது.

மேற்பார்வையாளர் மகாராஜன் இதைத் தீர விசாரித்தார். அதாவது, மைத்துனர் அனுப்பிய வீடியோ ஒன்றைக் கைப்பேசியில் பார்த்தார். காந்தம் டிஜிட்டல் கேமராவைக் கெடுத்துவிடும் என்று அதில் ஒருவர் கோட் போட்டுக்கொண்டு சொன்னார். கோட் போட்டவர் பொய் சொல்வாரா? மறுநாளே வாசலில் அறிவிப்பு தொங்கியது: ‘பொதுமக்கள் நலன் கருதி, காந்தம் தவிர்த்து உள்ளே வரவும்.’

பிரேமலதா ராயகிரியிலிருந்து வந்திருந்தாள். அங்கன்வாடியில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது, நாளைக்குள் சேர வேண்டும். அட்டையிலோ அவள் இன்னும் இரட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை. புதுப்படம் எடுத்ததற்கான சீட்டு இல்லாவிட்டால் வேலை அடுத்தவளுக்குப் போய்விடும். போன வாரம் வந்து மேகமாகத் திரும்பியவள், இன்று மறுபடியும் வரிசையில் நின்றாள்.

வாசலில் பியூன் குருசாமி, நூலில் கட்டிய ஊக்கு ஒன்றை ஆட்டி ஆட்டி ஒவ்வொருவரையும் சோதித்தார். ஊக்கு பிரேமலதாவின் கைப்பையிலிருந்த காந்தப் பித்தானில் போய் ஒட்டிக்கொண்டது.

“பையை வெளிய வைம்மா. போனையும் வை. ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்காம்.”

அவளுக்குப் பின்னால் நின்ற குருவிகுளம் இசக்கித்துரை, மூட்டுவலிக்குக் காந்தப் பட்டை கட்டியிருந்தார். “இதை அவுத்தா நடக்க முடியாதுய்யா.”

“நடக்கதுக்கா வந்தீரு? படம் உக்கார வச்சுதான எடுக்கோம்?” என்றார் குருசாமி.

உள்ளே மகாராஜன் கையை நீட்டி நாற்காலியைக் காட்டினார். கூடவே வந்த குருசாமியின் ஊக்கு துள்ளிப்போய் அவர் மணிக்கட்டில் ஒட்டியது. அங்கே ரத்தக் கொதிப்புக்கென்று ஒரு காந்த வளையல் இருந்தது. ஊரில் இப்போது பெரிய மனிதர் கைகளிலெல்லாம் அதுதான் நாகரிகம்.

“சார், உங்க கையில...”

“இது ஆரோக்கியக் காந்தம்மா. கெடுதல் பண்ணாது.”

கணினி முன் உட்கார்ந்து படம் எடுக்கும் ஷிரின் பானு பொறுக்க மாட்டாமல் சொன்னாள். “சார், பழைய கேசட்டு, பிளாப்பிதான் காந்தத்துக்குப் பயப்படும். இத்தனூண்டு காந்தம் கேமராவை ஒண்ணும் பண்ணாது.”

“கேசட்டே பயப்படுதுன்னா, அதைவிட விலை கூடின கேமரா பயப்படாதா?”

பிரேமலதா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கேமரா அவளைப் பார்த்தது என்று சொல்ல முடியாது. அதன் கண் நிறையச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

“மேடம், அந்தப் பொட்டு...” என்று மெதுவாகக் கேட்டாள்.

ஷிரின் பானு அதைவிட மெதுவாகச் சொன்னாள். “ஆயுத பூசைக்குக் குருசாமி அண்ணாச்சி வச்சது. நான் துடைச்சா ஊருக்குள்ள அது வேற செய்தியாயிரும். அவரு துடைச்சா சாமி குத்தம். சார் துடைக்கணும்னா மேல இருந்து உத்தரவு வரணும். நீ சிரிக்காம இரு.”

பிரேமலதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு பொட்டுக்காகவா தன் வேலை போக வேண்டும்? தும்முகிற சாக்கில் முன்னால் குனிந்து, துப்பட்டாவால் கேமராவின் கண்ணில் ஒரே இழுப்பு இழுத்தாள். படம் மூக்குத்தி முதற்கொண்டு தெளிவாக விழுந்தது.

“பாத்தீரா வே!” மகாராஜன் எழுந்தே நின்றுவிட்டார். “காந்தத்தை வாசல்ல நிறுத்துனோம், படம் வந்துட்டு!”

மாவட்டம் முழுவதும் ஊக்கும் நூலும் வழங்கி ஆவன செய்யுமாறு மேலிடத்துக்கு அப்போதே அறிக்கை தயாராயிற்று. குருசாமி ஓடிப்போய்ச் சந்தனம் குழைத்து வந்தார். உழைத்த கேமராவுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? இந்தத் தடவை பொட்டு முன்னதைவிடப் பெரிது.

பிரேமலதா சீட்டோடு வெளியே வந்தாள். காந்தப் பட்டையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இசக்கித்துரை நின்றார்.

“மக்கா, படம் விழுந்துச்சா?”

அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் சொன்னால், பொட்டை அழித்தது யார் என்று விசாரணை வரும், சீட்டு ரத்தாகும், நாளைக்கு வேலை போகும்.

“விழுந்துட்டு, அண்ணாச்சி,” என்றாள். “காந்தம் மட்டும் ஒடம்புல இருக்கக் கூடாது.”

அவர் விரலில் கிடந்த இரும்பு மோதிரத்தையும் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.