வலப்பக்கம் மட்டும் வளராத முடி

கழுத்தைத் தொடும் அளவுக்கு முடி வளர்ப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். யார் தடுத்தாலும் பின்வாங்குவதில்லை. யாரும் தடுக்கவில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

என் முடி சுருட்டை. எத்தனை வருடம் விட்டாலும் காதுக்குக் கீழே இறங்காது. மனைவிக்கு அழகு நிலையத்தில் வேலை. முடி விஷயத்தில் அவள் சொன்னதுதான் தீர்ப்பு. மற்ற விஷயங்களிலும் அப்படித்தான்.

"உங்க முடி வளராம இல்லங்க. வளர வளர நீங்களே ஒடைக்கிறீங்க. காஞ்ச முடியில சீப்பைப் போட்டு மல்லுக்கட்டினா அது என்ன பண்ணும்?"

"அப்போ என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

என் திறமைக்கேற்ற வேலை என்று மகிழ்ந்துபோனேன்.

தலையை நனைத்து, சிக்கை விரலாலேயே எடுத்து, இறுக்காமல் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டு, நுனிகளை உள்ளே மடித்துச் செருகினாள். தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் அவிழ்ப்பு; ஈரத்தோடே மறுபடி பின்னல். படுக்கும்போது வழுவழுப்பான துணியால் ஒரு கட்டு. "தொடக் கூடாது. சீவக் கூடாது. கை அந்தப் பக்கமே போகக் கூடாது. சரியா?"

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவன். மறுநாள் வந்தவர் எழுத்துப் பலகையை விட்டுவிட்டு என் தலையையே படித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவளும் ஒன்று கேட்டாள். அந்த அழகு நிலைய வேலையை விட்டுவிட்டு, எங்கள் முன்னறையிலேயே சொந்தமாக ஒன்று தொடங்க வேண்டும். "வீட்டு ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

முன்னறையில் என் சாய்வு நாற்காலி இருக்கிறது. ஜன்னல் இருக்கிறது. உலகத்தில் எனக்கென்று இருப்பதே அந்த மூலைதான். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லை. சரி என்று சொல்ல மனசு இல்லை. ஓனர் அடுத்த தெருவில்தான் குடியிருந்தார். நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

"ஓனர் என்ன சொன்னார்?"

"வெளியூர் போயிருக்காராம்."

அடுத்த வாரம்: "வந்துட்டாரா?"

"வந்துட்டார். சளி. பேச முடியல."

"சளி போச்சா?"

"போச்சு. ஆனா கோவமா இருக்கார்."

"யார் மேல?"

"பொதுவா."

ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். பாவம், நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒருநாள் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து எல்லாப் பின்னலையும் அவிழ்த்தாள். இடப்பக்கம் சுருள் சுருளாகக் கழுத்துவரை இறங்கியது. வலப்பக்கம், காதுக்குப் பின்னால், தேய்ந்துபோன பல் துலக்கும் பிரஷ்.

"ஒரே தலை, ஒரே எண்ணெய். இந்தப் பக்கத்துக்கு மட்டும் என்ன கேடு?"

"கை பட்ட எடம் ஒடஞ்சிருக்கு."

"நான் தொடவே இல்லையே!"

சொல்லும்போதே கண்ணாடியில் பார்த்தேன். என் வலது கை காதுக்குப் பின்னால் ஒரு சுருளைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

"கல்யாணம் ஆனதுலேருந்து பாக்குறேன்," என்றாள். "உண்மை பேசுறப்போ உங்க கை சும்மா இருக்கும்."

சட்டென்று கையை இறக்கினேன். "அந்த ஓனர்..."

"நானே போய்க் கேட்டுட்டேன், எப்பவோ. உங்க சளி ஆசாமி டீ குடுத்து உக்காரவெச்சு, தாராளமா செய்ம்மான்னார்."

"அப்புறம் எதுக்கு என்னை வாரா வாரம் கேட்டே?"

சீப்பில் சிக்கிய முடியை எடுத்தபடி மெதுவாகச் சொன்னாள். "வேண்டாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். பொய் சொல்றவரோட எப்படிங்க சண்டை போடுறது?"

வெட்கமாக இருந்தது. நாளெல்லாம் யாரோ ஒருவருடைய கடையில் நின்றுவிட்டு வீங்கிய காலோடு வருவாள். வந்து என் தலையையும் பொறுமையாகப் பின்னுவாள். அவளுக்கு ஒரு நாற்காலி போடும் இடத்தைத் தர எனக்கு மனம் வரவில்லை. அன்றே சாய்வு நாற்காலியை நானே தூக்கிப் படுக்கையறையில் போட்டேன். அங்கே ஜன்னல் இல்லை.

தொடக்க நாளன்று முன்னறை நிறையப் பெண்கள். சுவரில் பெரிதாக என் தலையின் இரண்டு படங்கள். இடப்பக்கத்தின் கீழே 'கை வைக்காதது'. வலப்பக்கத்தின் கீழே 'கை வைத்தது'. எல்லாரும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஒருத்தியின் தலையைப் பின்னியபடியே மனைவி கேட்டாள். "என்னங்க, மனசார சந்தோஷம்தானே?"

நான் இப்போது விவரமானவன். இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்!" என்றேன்.

அவள் திரும்பக்கூட இல்லை. "கையை வெளிய எடுத்துட்டுச் சொல்லுங்க."