திருப்பூருக்குக் கடல் வந்த ஞாயிறு

பனியன் தைக்கிறவன் மனசு வாடியிருந்தால் அந்த வாட்டம் தையலில் இறங்கி, துணியில் ஏறி, கப்பலில் போய், கடைசியில் அதைப் போட்டுக்கொள்கிற வெள்ளைக்காரனின் நெஞ்சை உறுத்தும் என்று ஐரோப்பாவில் ஒரு கம்பெனி கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு, தனக்குச் சரக்கு அனுப்பும் பல்லடம் ரோட்டுப் பனியன் கம்பெனிக்கு ஓர் உத்தரவும் அனுப்பியது. மேற்பார்வைப் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் வெளியே போய் மகிழ்ந்துவிட்டு வரவேண்டும். மகிழாதவர்களின் சரக்கு கப்பல் ஏறாது.

அந்தக் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர் தனபால். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வருவதைக் காலண்டரில் பார்த்துத் தெரிந்துகொள்கிற மனிதர். கார் வாங்கி நாலு வருஷமாகிறது. வீட்டையும் கம்பெனியையும் தவிர அது வேறு ஊர் பார்த்ததில்லை. மனைவி நதியாவும் மகள் வர்ஷினியும் ஆரம்பத்தில் எங்கேயாவது போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன வருஷத்திலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் நிறுத்தியதுதான் தனபாலை உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது.

அதனால் உத்தரவைக் கேட்டதும் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். ஷிப்மெண்ட் கேன்சலாகிவிட்டதோ என்று நதியா பயந்துபோனாள். விஷயத்தைச் சொன்னதும் பத்தே நிமிஷத்தில் திட்டம் தயாரானது. கொடிவேரி அணை. விடிந்ததும் கிளம்புவது, பெருமாநல்லூர், குன்னத்தூர், கோபி வழியாகப் போவது, தண்ணீரில் ஆசைதீர நிற்பது, பொரித்த மீன் வாங்கித் தின்பது, வெயில் தாழ்ந்ததும் திரும்புவது. கட்டுச்சோறு புளிச்சாதம். வர்ஷினி அன்றைக்கே தன் பையில் துண்டை எடுத்து வைத்துவிட்டாள்.

மறுநாள் தனபால் அந்தத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி, கம்ப்ளையன்ஸ் மேனேஜர் தரணீதரனிடம் கொடுத்தார். வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதெல்லாம் கம்பெனியில் முறைப்படி நடக்கிறது என்று காகிதத்தில் காட்டுவது தரணீதரனின் வேலை. அதில் அவரை மிஞ்ச அந்தப் பகுதியில் ஆள் கிடையாது. அவர் தாளைப் படித்துவிட்டு வருத்தத்தோடு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கொடிவேரி ஆகாதுங்க சார்."

"ஏனுங்க, தண்ணி வரலீங்களா?"

"தண்ணி வருதுங்க. புறப்படற இடம்தான் சரியில்லீங்க."

உத்தரவோடு வந்த அறுபத்து நாலு பக்கக் கையேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். 'பெரிய கடலோர நகரத்திலிருந்து காரில் ஒரு நாள் குடும்பப் பயணம்: திட்டமிடலும் நடைமுறைப்படுத்தலும்' என்று அட்டையில் இருந்தது. அதை எழுதியவர் ஏதோ கடலோர நகரத்தில் குடியிருக்கிறவர். தன் வீட்டு வாசலிலிருந்துதான் எல்லோரும் புறப்படுவார்கள் என்று எண்ணி உலகம் முழுமைக்கும் எழுதிவிட்டார். உலகமும் கையெழுத்துப் போட்டுவிட்டது.

அப்படியானால் சென்னைக்குப் போய் அங்கிருந்து புறப்படுகிறோம் என்றார் தனபால். தரணீதரன் முப்பத்தோராம் பக்கத்தைக் காட்டினார். ஒருவர் ஒரு நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டக் கூடாது. அந்தக் கணக்கில் சென்னை போய்ச்சேர இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள், நடுவில் ஒரு நாள் பயணம். ஒரு நாள் பயணத்துக்கு ஐந்து நாள் தேவை. விடுப்போ ஒரு நாள்தான்.

"அப்ப திருப்பூர்ல இருக்கறவன் சந்தோசமா இருக்க முடியாதுங்களா?"

"தாராளமா இருக்கலாமுங்க. கணக்குல வராது, அவ்வளவுதான்."

தனபால் முகம் விழுந்ததைப் பார்த்துத் தரணீதரனுக்கே பொறுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கையேட்டை இன்னொரு முறை புரட்டிவிட்டு, இதில் கடல் இருக்க வேண்டும் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை, கடலோர நகரம் என்பதற்குச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறது என்றார். இரண்டும் வேறு வேறு.

சான்றிதழ் தருகிற அலுவலகத்தில் நல்லம்மாள் என்ற அதிகாரி இருந்தார். கேட்கிறவர் எவரையும் வெறுங்கையோடு அனுப்ப மனசு வராதவர். 'கடலோர நிலைச் சான்று' என்று ஒன்று இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் கம்ப்யூட்டரில் அது இருந்தது. கம்ப்யூட்டரில் இருப்பதை இல்லை என்று சொல்ல அவர் யார்? விண்ணப்பத்தில் பதினெட்டுக் கேள்விகள். பதினேழுக்குத் தனபால் ஆதார் அட்டையைப் பார்த்தே பதில் எழுதிவிட்டார். பதினெட்டாவது, கடலிலிருந்து தூரம்.

தனபால் நேர்மையானவர். மேற்கே பாலக்காட்டைத் தாண்டிப் போனால் வருகிற கடலை மனசில் அளந்து நூற்றைம்பது என்று எழுதினார். அந்தக் கட்டத்தில் கடைசி இலக்கத்துக்கு முன்னால் ஒரு புள்ளி ஏற்கெனவே நிரந்தரமாக இருந்தது. கம்ப்யூட்டர் அதைப் பதினைந்து புள்ளி பூஜ்யம் கிலோமீட்டர் என்று வாங்கிக்கொண்டது.

"மேடம், புள்ளி தப்பா விழுந்திருக்குதுங்க."

"விழலீங்க, முன்னாலயே இருக்குதுங்க. அத எடுக்கற அதிகாரம் எனக்கில்லீங்க, சென்னையில இருக்குது."

"பதினஞ்சு கிலோமீட்டர்ல கடல் இல்லீங்களே."

நல்லம்மாள் கனிவோடு விளக்கினார். அவர் பிரிவு சான்று தருகிற பிரிவு. கடல் இருக்கிறதா, இருந்தால் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் வேறு பிரிவு. அங்கே எழுதிக் கேட்டால் அவர்கள் நேரில் வந்து கடலைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் தர ஆறு மாதம் ஆகும். தனபால் சான்றிதழை வாங்கிக்கொண்டார். திருப்பூர் மாநகரம் கடலோர நகரம் என்று முத்திரையோடு அதில் இருந்தது.

பயணம் அன்று மாலையே அனுமதிக்கப்பட்டது. அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் திருப்பூரில் ஒரு கம்பெனிக்குக் கிடைத்தது மறுகம்பெனிக்குக் கிடைக்காமல் இருக்குமா? வியாழக்கிழமைக்குள் முந்நூறு கம்பெனிகள் அதே சான்றிதழை வாங்கிவிட்டன. வெள்ளிக்கிழமை அவிநாசி ரோட்டில் ஒரு விளம்பரப் பலகை முளைத்தது. கடல் காற்று வீசும் வீட்டுமனைகள், இன்னும் சிலவே மீதம். ஊத்துக்குளியில் ஒரு ஓட்டல்காரர் வெண்ணெய் தோசையின் பெயரைப் பீச் தோசை என்று மாற்றினார். காலேஜ் பிள்ளைகள் அரை டிராயரும் ஓலைத் தொப்பியும் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். சாயப்பட்டறைக்காரர்கள் சிலர், கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மிகுந்த ஆவலோடு விசாரித்தார்கள்.

தனபாலுக்கு இவற்றில் எதிலும் அக்கறை இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு நதியா முன்சீட்டில் உட்கார்ந்தாள், வர்ஷினி பின்சீட்டில் துண்டோடு உட்கார்ந்தாள், கார் கிளம்பியது. நாலு வருஷத்துக்குப் பிறகு நதியா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சின்னதாக ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். தனபால் காதில் அது விழுந்தது. பெருமாநல்லூர் வரைக்கும் விழுந்தது.

பெருமாநல்லூரில் ரோட்டின் குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து குனிந்து கும்பிட்டார்.

"கடல் கொந்தளிப்பா இருக்குதுங்க. போக முடியாதுங்க."

"எந்தக் கடலுங்க?"

"உங்கூர்க் கடல்தானுங்க."

தலைநகரிலிருந்து கடலோர ஊர்கள் அனைத்துக்கும் எச்சரிக்கை வந்திருந்தது. கடலோர ஊர்களின் பட்டியலில் திருப்பூரும் இருந்தது. ஆகவே அந்த ஊர்க்காரர்கள் எந்த நீர்நிலைக்கும் போகக் கூடாது, வீட்டுக்கும் திரும்பக் கூடாது, மேட்டுப்பாங்கான இடத்தில் தங்கவைக்கப்பட வேண்டும். நாங்கள் கடலைவிட்டு எதிர்த்திசையில்தானே போகிறோம் என்று தனபால் வாதாடிப் பார்த்தார். அதனால்தான் இவ்வளவு தூரம் விட்டோம் என்றார் போலீஸ்காரர்.

பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஏற்கெனவே இருநூறு குடும்பம் காப்பாற்றப்பட்டு உட்கார்ந்திருந்தது. இடி மின்னல் அபாயத்தை முன்னிட்டுச் செல்போன்களை எல்லாம் வாங்கி ஒரு பனியன் அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டார்கள். வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒடிசாவின் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த டெய்லர் ஒருவர் இருந்தார். மூன்று புயலைப் பார்த்தவர். அங்கிருந்தவர்களில் கடலை நன்றாக அறிந்தவர் அவர் ஒருவர்தான். "அண்ணா, காத்து இல்ல, மேகம் இல்ல. சமுந்தர்... கடல் வராது," என்று முகாம் அலுவலரிடம் மெதுவாகச் சொன்னார். பொதுமக்களிடையே பீதியைக் கிளப்ப வேண்டாம் என்று அலுவலர் அவரைக் கண்டித்து ஓரமாக உட்காரவைத்தார்.

செல்போன் இல்லாத தனபாலுக்கு முதல் ஒரு மணி நேரம் கை தானாகச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. அப்புறம் தடவுவதை மறந்தது. புளிச்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். வர்ஷினி நோட்டுத் தாளைக் கிழித்து ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதினாள். மூன்று பேர் போதாது என்று டெய்லரையும் சேர்த்துக்கொண்டாள். அவருக்கே திரும்பத் திரும்ப ராஜா சீட்டு விழுந்தது. அவர் வெட்கத்தோடு சிரித்தார். ஆட்டத்துக்கு நடுவில் தனபால் மகளிடம், ஆறாவதில் கணக்கு கஷ்டமா கண்ணு என்று கேட்டார்.

"நான் எட்டாவதுங்கப்பா," என்றாள் வர்ஷினி.

நதியா சீட்டைக் குலுக்குவதை நிறுத்தவில்லை. தனபால் அதற்குப் பிறகு மகள் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு மத்தியானம் தன் வாழ்க்கையில் இருந்ததாக அவருக்கு நினைவில்லை. கொடிவேரியை மூன்று பேருமே மறந்துபோனார்கள். பொழுது சாயும் முன்னே கடல் அடங்கிவிட்டதாக அறிவித்துச் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுநாள் செய்தியில், ஒரு உயிர்கூடச் சேதமில்லாமல் திருப்பூர் காப்பாற்றப்பட்டதாக வந்தது. தரணீதரன் முகாமில் எடுத்த புகைப்படத்தை வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கடலோர நகரத்திலிருந்து காரில் புறப்பட்டு, நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல், போனைத் தொடாமல், நாள் முழுக்கக் குடும்பத்தோடு மகிழ்ந்திருந்ததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை என்று அங்கிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. சரக்கு கப்பல் ஏறியது. முகாமுக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்ட மற்ற மேனேஜர்கள், அடுத்த கொந்தளிப்பு எப்போது என்று கேட்டுத் தரணீதரனிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்துவைத்தார்கள்.

அடுத்த வாரம் வீடு வீடாக ஒரு படிவம் கொடுத்துப் போனார்கள். கடல் சீற்றத்தால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கான நிவாரண விண்ணப்பம். தனபால் அதைப் படித்துவிட்டுக் கோபத்தோடு டிவிக்கு மேலே போட்டுவிட்டார். கேலிக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று நதியாவிடம் சொன்னார். புள்ளி ஒன்று இடம் மாறியதற்கு ஊரே கூத்தாடுகிறது, அதில் நாமும் சேர்வதா என்றார். நதியாவும் ஆமாங்க என்றாள்.

மூன்றாம் நாள் அவர் வேலையிலிருந்து வரும்போது தெருவில் யாரும் சும்மா இருக்கவில்லை. தறி ஓட்டுகிற ஆத்தப்பன் தூணில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். மாவு மில் ரங்காத்தாள் வலையைக் கிலோவில் எழுதுவதா மீட்டரில் எழுதுவதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் எல்லோருக்கும் பிழை திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். தனபால் நேராக உள்ளே போனார். கை கால் கழுவினார். காபி குடித்தார். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார், டிவி ஓடவில்லை. பிறகு எழுந்து படிவத்தை எடுத்துத் தூசி தட்டி, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

நதியா பின்னால் வந்து நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஆத்தப்பண்ணன் ஊட்டுல மூணு படகுன்னு போட்டிருக்காங்களாம், நீங்க ஒண்ணுதான் போட்டிருக்கீங்க என்றாள்.

தனபால் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் யாரையும் ஒரு பைசா ஏமாற்றாத மனிதரின் முகம் அது.

"அடுத்தவங்க எப்படியோ இருக்கட்டும் நதியா. நாம உள்ளதத்தான் எழுதோணும். நம்மகிட்ட இருந்தது ஒரு படகுதான்."