ருக்மணிக்காக ஒரு பூசை

பெங்களூர்த் தமிழ் வாசகர்களிலேயே, நாவலில் செத்துப்போனவர்களுக்காக வேலைக்கு லீவு போட்ட ஒரே ஆள் மெழுகுவத்தி ஆன்ட்டிதான்.

அல்சூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் ஏழெட்டுப் பேர் நாவல் பேசக் கூடுவோம். ஆன்ட்டி சர்ச்சில் பூசை முடிந்து, கைப்பையில் மிச்ச மெழுகுவத்திகளோடு நேராக வருவார். அதனால் அந்தப் பெயர். வேலை, பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங். ஆயிரம் சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தாலும் சிக்கிவிடும். அதே கண்ணோடுதான் நாவலும் படிப்பார், போகவர பஸ்ஸில்.

நாங்கள் நாவலில் உத்தி தேடுவோம். ஆன்ட்டி சாவு தேடுவார். அவர் வளர்ந்த தெருவில் ஒரு சாவு என்றால் சர்ச் மணி அடிக்கும், தெருவே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும், கல்லறைவரை கூட நடக்கும். கதையிலும் அது நடந்தாக வேண்டும்.

ஒருமுறை பனி தேசத்து நாவல் ஒன்றைப் படித்தோம். அதில் ஒரு கிழட்டுக் குதிரைக்காரர் செத்துப்போகிறார். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர்தான் எங்கள் வட்டத்தின் விமர்சகர். மனிதனின் தனிமை பற்றி இருபது நிமிடம் பேசினார்.

"தனிமை எங்க சார்?" என்றார் ஆன்ட்டி. "மண்ணு கல்லாட்டம் இறுகிப் போச்சுன்னு அக்கம்பக்கத்துக்காரங்க ஆளுக்கொரு விறகு கொண்டாந்து, ரெண்டு நாள் நெருப்பு போட்டு குழி தோண்டுறாங்களே. எங்க தெரு ஆளுங்க மாதிரியே. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம். நீங்க அதுவரைக்கும் போகலயா?"

எங்களில் யாருமே நூறைத் தாண்டவில்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

இன்னொரு நாவலில் ருக்மணி என்ற பெண் ஆற்றில் விழுந்துவிடுவாள். உடல் கிடைத்ததா என்று எழுத்தாளர் சொல்லவில்லை. ஆன்ட்டி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அரை நாள் லீவு போட்டு, காலைப் பூசையில் 'ருக்மணியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று பெயர் கொடுத்துவிட்டார்.

"ருக்மணி உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று ஃபாதர் கேட்டாராம்.

"ரெண்டு வாரமா என்கூட பஸ்ல வந்துட்டிருந்தா ஃபாதர்."

ஃபாதர் கண்கலங்கி, ருக்மணிக்கு நீண்ட ஜெபமே சொன்னார்.

பிறகு என் நாவல் வந்தது. அதில் ஒரு அத்தியாயம் 'அப்பா போய்விட்டார்' என்று முடியும். அடுத்தது மூன்று வருடம் தள்ளி, பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் தொடங்கும்.

"அந்த ஒத்தை வரி மௌனம் இருக்கே, அதுதான் நாவல்" என்றார் மேனேஜர். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன்.

"தம்பி, பாடி எங்க?" என்றார் ஆன்ட்டி. "சும்னே போயிட்டாருன்னு எழுதிட்டா ஆச்சா? யாரு தூக்கினா, யாரு கொள்ளி வெச்சா? உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. நீ சொன்னாதானே நானும் கூட நடப்பேன்."

"வாசகர் ஊகிச்சுக்கணும் ஆன்ட்டி."

"ஊகிச்சேன். எழுதினவன் அங்க இல்லன்னு தோணிச்சு."

ஊரடங்கு நாட்களில் அப்பா திருப்பத்தூரில் இறந்ததையும், பாஸ் கிடைக்காமல் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டிலிருந்து நான் திரும்பியதையும், போனில் இறுதிச் சடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாதியில் நெட்வொர்க் போனதையும் முதல்முறையாக வெளியில் சொன்னேன்.

ஆன்ட்டி ஆறுதல் சொல்லவில்லை. "அங்க இருந்தவங்க இருக்காங்க இல்ல? போய்க் கேளு."

போனேன். அத்தனை வருடம் நான் கேட்கவே இல்லை. வீட்டிலும் யாரும் பேச்செடுக்கவில்லை. கொள்ளி வைத்தது என் தங்கை. "நீ சங்கடப்படுவேன்னுதான் சொல்லல" என்றாள்.

இரண்டாம் பதிப்பில் பதினோரு பக்கம் சேர்த்தேன். மேனேஜர் நாவலே கெட்டுப்போயிற்று என்றார். ஆன்ட்டி அதைப் படித்தபடி பொம்மனஹள்ளியில் இறங்க மறந்து பொம்மசந்திரா வரை போய்விட்டார். அங்கிருந்து போன் செய்தார்.

"உன் தங்கச்சி பேர் என்ன தம்பி?"

"எதுக்கு ஆன்ட்டி?"

"செத்தவங்களுக்கு மட்டும்தான் பூசையா? அந்தப் பொண்ணு நல்லா இருக்க வேணாமா? அப்புறம், வந்தவங்களுக்கு ஒரு டீ குடுத்ததா நீ எழுதவேயில்ல."

இப்போது அடுத்த நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நூற்றறுபது பக்கம் ஆகியும் ஒருவர்கூடச் சாகவில்லை. கதை நகரவே இல்லை என்கிறார் மேனேஜர். ஆன்ட்டிக்கு முழங்கால் வலி. இந்த வயதில் அவரை இன்னொருவருக்காக முட்டி போட வைக்க எனக்கு மனசு வரவில்லை.