மாதிரியின் மூன்றாம் பங்கு

சட்டத் திருத்தக் குழுவின் உறுப்பினரும் என் மனைவியின் தம்பியுமாகிய மச்சான் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கு நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். ஊரைக் கெடுக்கிற சிபாரிசில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவருக்கு என்ன குறை!

போதைப்பொருளைக் கொஞ்சமாக வைத்திருந்தால் ஜெயில் வேண்டாமாம், வைத்தியம் பார்க்க வேண்டுமாம். உங்கள் குழு வாயைத் திறந்ததுதான் தாமதம், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தையல்கடை காலிசெய்த இடத்தில், ஒரு மையம் வந்து உட்கார்ந்துகொண்டது. வருகிறவன் பேரைக் கேட்பதில்லை. புது ஊசி கொடுக்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறார்கள், அவன் கொண்டுவந்த தூளில் என்ன கலந்திருக்கிறது என்று மெஷினில் வைத்துப் பார்த்தும் சொல்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் உணவுக் கலப்பட ஆய்வாளராக இருந்து, பாலில் தண்ணீரையும் மிளகாய்த்தூளில் செங்கல் பொடியையும் பிடித்தவன் நான். விஷத்துக்குத் தரச் சான்றிதழா என்று அங்கிருக்கும் நர்ஸம்மாவிடம் நேரிலேயே கேட்டேன். “சான்றிதழ் இல்ல சார். ஆளு சாகாம இருக்கறதுக்கு. உயிரோட இருந்தாத்தானே சார் திருந்த முடியும்?” என்கிறாள். எனக்கா பாடம்! மையத்தை மூடச் சொல்லி மனு எழுதி, குடியிருப்பவர்கள் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் நேற்றுக் காலை உங்கள் அருமை மருமகனின், அதாவது என் மகனின், சட்டைப் பையில், துவைக்கப் போடும்போது, ஒரு வெள்ளைத் தூள் பொட்டலம் அகப்பட்டது. உங்க அக்கா தலையிலடிச்சுக்கிட்டு அழறா. நான் அழவில்லை, முறைப்படி நடவடிக்கை எடுத்தேன். எங்கள் துறை வழக்கப்படி மாதிரியை மூன்று பங்காக்கி, மூன்று சின்னப் புட்டிகளில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை குத்தி, சீட்டு ஒட்டிக் கையெழுத்திட்டேன். ஒரு பங்கு அதிகாரிக்கு, ஒரு பங்கு என் பீரோவுக்கு, மூன்றாவது பங்கு சட்டப்படி உரியவருக்கு. வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து அவன் வந்ததும் கையில் கொடுத்து, கேட்கும்போது சீல் உடையாமல் காட்ட வேண்டும் என்று படித்துக் காட்டி, ரசீதும் வாங்கிக்கொண்டேன். “அப்பா, உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு” என்றான். ஆனாலும் கையெழுத்துப் போட்டான்.

முதல் பங்கோடு காவல் நிலையத்துக்குப் போனேன். பாராட்டுவார்கள் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்! எஸ்.ஐ. சீட்டைப் படித்தார். “கைப்பற்றிய இடம் உங்க வீடு. கையெழுத்து உங்களுது. கொண்டுவந்ததும் நீங்க. யார் கையில இருக்கோ அவங்கதான் சார் குற்றவாளி, சட்டம் அப்படி” என்று பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். நாலு மணி நேரம்! பக்கத்தில் ஒரு சைக்கிள் திருடன் எனக்கு ஆறுதல் சொல்கிறான். கடைசியில் எஸ்.ஐ. குனிந்து, “வீட்டுல யாரோடதுன்னு சொல்லிடுங்க, உங்கள விட்டுடறேன். அவன் வருஷக்கணக்குல உள்ள இருப்பான்” என்றார். மாடிப்படியில் கிடந்தது என்றேன். சர்வீசில் ஒரு பொய்கூட எழுதாதவன், மச்சான்! வயசானவர் என்று இரக்கப்பட்டு அனுப்பினார்கள்.

ஆகவே தங்கள் சிபாரிசை உடனே வாபஸ் வாங்க வேண்டும். வைத்திருப்பவர்கள் எல்லோரையும் உள்ளே தள்ள வேண்டும். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளையும், நல்லெண்ணத்தோடு எடுத்துச் செல்லும் ஓய்வுபெற்ற ஆய்வாளர்களையும் தவிர. கீழே இருக்கும் மையத்துக்குப் பூட்டுப் போட வேண்டும். மனு இத்துடன் இணைப்பு. உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும். கோபம் உங்கள் ஒருவருக்கு மட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: தபாலில் போடும் முன், அந்த மையத்தின் வண்டவாளத்தை வெளியே கொண்டுவரலாமென்று பீரோப் பங்கை எடுத்துக்கொண்டு கீழே போனேன். நர்ஸம்மா மெஷினைப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. “இதுல வேற ஒண்ணு கலந்திருக்கு சார். உப்புக்கல்லு அளவு போதும், மூச்சு நின்னுடும். மிச்சம் யார்கிட்டயாவது இருக்கா?” என்றாள். மூன்றாவது பங்கு, மச்சான். நானே சீல் வைத்து, ரசீது வாங்கிக்கொண்டு, பெற்ற பிள்ளை கையில் கொடுத்த பங்கு. எப்படி மூன்று மாடி ஏறினேன் என்று தெரியாது. அவள், நின்ற மூச்சைத் திரும்ப வரவழைக்க மூக்குக்குள் அடிக்கும் மருந்தோடு எனக்கு முன்னால் ஓடினாள். பையன் கட்டிலில் அசையாமல் கிடந்தான். மூக்கில் விரல் வைத்தேன். தூங்குகிறான். புட்டி தலைமாட்டில் இருந்தது, அரக்கு உடையவில்லை. எழுப்பிக் கட்டிக்கொண்டு அழுதேன். “ரெண்டு தடவ உடைக்கப் போனேம்பா. கேட்டா காட்டணும்னு கையெழுத்து வாங்கினீங்களே” என்கிறான்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். மனுவைக் கிழித்துவிடுங்கள், நாற்பது பேருக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். புதுசாக எழுத நேரமில்லை. கீழே மையத்துக்குப் போய் நர்ஸம்மாவிடம் பேசுகிறேன் என்று அவனே சொல்லியிருக்கிறான். தனியாகப் போகக் கூச்சமாம், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் எனக்காக நிற்கிறான்.